மகளின் பெயரில் நிதி சேர்க்கலாமா?

கேள்வி: பிரிமென்றகட்டில் (நெஞ்சறையையும் வயிற்றறையையும் பிரிக்கும் தசைத் தகட்டில்) துவாரத்தோடு பிறந்த எங்கள் மகள் மூன்றாம் நாள் இறந்துவிட்டாள். இந்நோய் பற்றி மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்லவும் ஆராய்ச்சிக்கு நிதி சேர்க்கவும் நானும் கணவரும் விரும்புகிறோம். "வீட்டுத் துக்கத்தை வீதிக்குக் கொண்டுபோகாதே, அடுத்த பிள்ளைக்கு ஆகாது" என்கிறார் மாமி. என்ன செய்வது?
– ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

மாமியும் பேத்தியை இழந்தவர். அவருடைய பயத்தைக் கோபமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால், துக்கத்தை வெளியில் சொல்வதால் அடுத்த பிள்ளைக்கு எந்தக் கெடுதலும் வராது. ஏறக்குறைய 3,000 பிறப்புகளில் ஒன்றில் காணப்படும் இந்தக் குறைபாடு, பெரும்பாலும் காரணம் தெரியாமலே, கருவுற்ற முதல் மூன்று மாதங்களுக்குள் உண்டாகிவிடுகிறது. நீங்கள் உண்டதோ செய்ததோ இதற்குக் காரணம் என்று ஒரு கணமும் எண்ண வேண்டாம். அடுத்த கர்ப்பத்துக்கு முன், மரபணுப் பரிசோதனை தேவையா என்று வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

விழிப்புணர்வு என்று பொதுவாகப் பேசுவதைவிட, 18 முதல் 22 வாரங்களுக்குள் செய்யும் ஸ்கேன் பற்றிப் பேசுங்கள் என்பேன். வயிற்றறைக்குள் இருக்க வேண்டிய இரைப்பை அந்தத் துவாரத்தினூடாக நெஞ்சறைக்குள் ஏறி, நுரையீரலை வளரவிடாமல் நெருக்கும்; அது இதயத்துக்குப் பக்கத்தில் கரிய குமிழியாகத் தெரிவதே பல வேளைகளில் முதல் அடையாளம். அதை அன்றே கண்டுகொண்டால், பச்சிளங் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவும் குழந்தை அறுவைச் சிகிச்சை நிபுணரும் உள்ள இடத்தில் பிரசவத்தைத் திட்டமிடலாம். கிளினிக்குக்கு வரும் தாய்மாருக்குத் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பக்கத் துண்டுப்பிரசுரம் போதும்; ஒரு வைத்தியர் சரிபார்த்த பின்பே அச்சிடுங்கள்.

ஆராய்ச்சிக்குச் சிறு தொகை எதற்கு என்று தயங்காதீர்கள். கருவிலிருக்கும் சிசுவின் மூச்சுக்குழலில் சிறு பலூனை வைத்து நுரையீரலை வளரச் செய்யும் சிகிச்சை பற்றி, பல நாட்டு வைத்தியசாலைகள் சேர்ந்து நடத்திய ஆய்வு 2021இல் வெளிவந்தது. இடப்பக்கத்தில் கடுமையாகப் பாதிக்கப்பட்ட சிசுக்களில், இச்சிகிச்சை பெற்றவர்களில் 40 சதவீதமும் பெறாதவர்களில் 15 சதவீதமும் உயிரோடு வீடு திரும்பினர். அதில் சேர்க்கப்பட்ட கர்ப்பிணிகள் 80 பேர் மாத்திரமே. (நீர்க்குடம் முன்கூட்டியே உடையும் ஆபத்து அதில் கூடியது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.) இத்தனை அரிதான நோயில் ஒவ்வொரு பிள்ளையின் பதிவும் பெறுமதியானது. ஆகவே, எத்தனை சிசுக்களுக்கு எந்த வாரத்தில் கண்டறியப்பட்டது என்பதைத் தொகுக்கும் ஆய்வுக்கு உதவ முடியுமா என்று கொழும்பு மருத்துவ பீடத்தில் விசாரியுங்கள். பணம் உங்கள் சொந்தக் கணக்குக்கு வர வேண்டாம். ஆய்வை நடத்தும் நிறுவனத்தின் கணக்குக்கே, பற்றுச்சீட்டுடன் போய்ச் சேரட்டும்.

மகளின் பெயரையும் படத்தையும் வெளியிடுவதா என்பதை நீங்களும் கணவரும் மட்டும் தீர்மானியுங்கள். இப்போது மனம் வராவிட்டால், அவை இல்லாமலேயே தொடங்குங்கள்.