வண்ணக்கர் சொன்னதும் மாணவர் வரைந்ததும்

கேள்வி: வரைகலை வடிவமைப்புப் பயிலும் மாணவர்களுக்கு விலைக்கூறல், ஒப்பந்தம், பதிப்புரிமை முதலியவற்றை விரிவுரையாகச் சொன்னால் எவர் மனத்திலும் தங்குவதில்லை. படக்கதை மூலம் கற்பிக்கலாம் என்கிறார்கள். அது பயன் தருமா, வெறும் விளையாட்டாகப் போய்விடுமா?
— ஆசிரியை ஒருவர், கல்முனை

பதில்: பயன் தரும்; ஆனால் கதையை நீங்கள் வரைந்து கொடுக்கக் கூடாது. ஆசிரியர் வரைந்த படக்கதை எவ்வளவு அழகாக இருந்தாலும் அது இன்னொரு விரிவுரைதான்.

கோயில் நிர்வாகப் பொறுப்பாளரான வண்ணக்கர் ஒருவர் திருவிழா அறிவித்தல் அச்சடிக்கக் கேட்டு வருகிறார் என்று தொடங்குங்கள். கொடியேற்ற நாளை எவராலும் தள்ளிவைக்க முடியாது என்பதால் காலக்கெடுவின் இறுக்கம் கதைக்குள் தானாகவே வந்துவிடும். அவர் வடிவமைப்பாளரின் கடைக்குள் நுழைவது முதல் பணம் கைமாறுவது வரை எட்டுக் கட்டங்களில் வரையச் சொல்லுங்கள். பலர் முதற் கட்டத்தில் வண்ணக்கரையும் அடுத்ததில் கணினித் திரையையும் வரைவார்கள். அந்த இரண்டுக்கும் இடையே என்ன நடந்தது என்று கேளுங்கள்: எத்தனை பிரதி, எந்த அளவு, முற்பணம் எவ்வளவு, திருவிழாச் செலவை ஏற்கும் உபயகாரர் பெயர்களை எழுதித் தந்தவர் யார், எத்தனை தடவை வரை கட்டணமின்றித் திருத்திக் கொடுப்பது? விடையில்லாத ஒவ்வோர் இடத்திலும் புதிய கட்டம் ஒன்றை அவர்கள் வரைந்தாக வேண்டும்.

பிறகு அதே வேலையை அச்சகத்தில் நிற்பவரின் கண்ணால் வரையச் சொல்லுங்கள். ஒருங்குறி அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டிய கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் விளங்காத ஆங்கில எழுத்துக் குவியலாகத் திறப்பதும், பின்னணி வண்ணத்தை விளிம்புக்கு அப்பால் 3 மில்லிமீற்றர் நீட்டாததால் வெட்டிய தாளின் ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரிவதும் அப்போதுதான் அவர்களுக்குப் புலப்படும். உபயகாரர் பெயரில் ஓர் எழுத்துப் பிழைத்தால் எழும் வழக்கு தனிக்கதை.

பதிப்புரிமையை மட்டும் படத்திடம் விட்டுவிடாதீர்கள். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஊழியர் ஒருவர் தம் வேலையின் பகுதியாக வரைந்ததன் பொருளாதார உரிமை (அதைப் பிரதியெடுக்கவும் விற்கவும் உள்ள உரிமை), ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லப்படாவிடில், தொழில்தருநருக்கு உரியது. இதை நேரடியாகச் சொல்லி விளக்கிய பின், சம்பளத்துக்கு வரைபவரையும் தனித்துத் தொழில் செய்பவரையும் இரு வேறு கதைகளாக வரையச் சொல்லலாம்.

மாணவர்களுக்குப் புள்ளிகள் வழங்கும்போது கோட்டின் அழகைப் பார்க்க வேண்டாம். குச்சி உருவங்களே போதும். கதையோடு அதே வேலைக்கான விலைக்கூறலையும் திருத்த நிபந்தனைகளையும் ஒரு பக்கத்தில் எழுதி இணைக்கச் சொல்லி, கதையில் வந்த ஒவ்வொரு சிக்கலுக்கும் அதில் ஒரு வரியாவது இருக்கிறதா என்று பாருங்கள்.