வயசை மறைக்காத படம்

கேள்வி: "ஹாலிவுட்டில் கதைப் பஞ்சம், அதனால்தான் எல்லாமே இரண்டாம் பாகம், மூன்றாம் பாகம் என்று வருகிறது" என்கிறான் என் நண்பன். உண்மையா அய்யா?
- கல்லூரி மாணவர், உசிலம்பட்டி

கதைக்குப் பஞ்சமே இல்லை தம்பி, பணம் போடுகிறவர்களுக்குத்தான் பயம். ஒரு பெரிய படத்துக்கு 20 கோடி டாலர் செலவு, அதை உலகம் முழுக்க விளம்பரம் செய்ய இன்னொரு பெரிய செலவு என்று ஆகிவிட்ட பிறகு, பெயரைச் சொன்னதுமே சனங்களுக்குத் தெரிகிற படமாக எடுத்தால் பாதி வேலை மிச்சம் என்று கணக்குப் போடுகிறார்கள். 2012ல் டிஸ்னி சுமார் 400 கோடி டாலர் கொடுத்து லூகாஸ்ஃபிலிமை வாங்கியது எதற்கு? 1977லிருந்து மனசில் ஊறிக்கிடக்கிற 'ஸ்டார் வார்ஸ்' என்ற பெயருக்காகத்தான். 2024ல் அமெரிக்க வசூலில் முதல் பத்து இடங்களில் 'விக்கட்' ஒன்றைத் தவிர எல்லாமே ஏதாவது பழைய படத்தின் தொடர்ச்சி, இல்லையென்றால் முன்கதை. ஆனால் அதற்கு முந்தின வருசம்தான் மூன்று மணி நேரம் ஓடுகிற 'ஓப்பன்ஹைமர்' 90 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. புதுசாக எடுத்தால் சனங்கள் வரமாட்டார்கள் என்பதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

கேள்வி: 1986ல் வந்த 'டாப் கன்' படத்தை வீடியோ கேசட்டில் பார்த்தவள் நான். 2022ல் 'டாப் கன்: மேவரிக்' பார்த்து அழுதுவிட்டேன், மகள் கிண்டல் செய்கிறாள். பழைய ஞாபகத்தைக் காட்டி நம்மை ஏமாற்றுகிறார்களா?
- வாசகி, திருப்பரங்குன்றம்

அழுததில் ஒரு தப்பும் இல்லை அம்மா. எனக்கும் கண் கலங்கியது, அநேகமாக நீங்கள் அழுத அதே இடத்தில்தான். ஐஸ்மேனாக நடித்த வால் கில்மருக்குத் தொண்டைப் புற்றுநோய் வந்து குரல் போய்விட்டது. படத்திலும் ஐஸ்மேனுக்கு உடம்பு சரியில்லை. சொல்ல வேண்டியதைக் கம்ப்யூட்டரில் தட்டுகிறார், டாம் குரூஸ் திரையைப் பார்த்துப் படிக்கிறார், அப்புறம் ஐஸ்மேன் மெதுவாக எழுந்து நின்று கம்மிய குரலில் சில வார்த்தை பேசுகிறார். அவ்வளவுதான் காட்சி. 36 வருசமும் அந்த முகத்தில் அப்படியே இருக்கிறது. கில்மர் 2025 ஏப்ரலில் இறந்துவிட்டார், இனி அதைப் பார்ப்பது இன்னும் கஷ்டம்.

'மேவரிக்' வந்த அடுத்த வருசமே, 2023ல், இண்டியானா ஜோன்ஸ் ஐந்தாம் பாகம் வந்தது. ஹாரிசன் ஃபோர்டுக்கு எண்பது வயசு. ஆரம்பக் காட்சிகள் முழுக்க அவர் முகத்தைக் கம்ப்யூட்டரில் இளமையாக்கி ஓடவிட்டிருந்தார்கள். முகம் வாலிபம், குரல் முதியவருடையது. எனக்கு ஒட்டவே இல்லை. அதே படத்தில், பக்கத்து வீட்டுப் பாட்டுச் சத்தத்தில் திடுக்கிட்டு விழித்து, சட்டை இல்லாத தளர்ந்த உடம்போடு அவர் சண்டைக்குக் கிளம்புகிறபோதுதான் நான் சின்ன வயசில் பார்த்த ஜோன்ஸ் திரும்பி வந்தார். போன வருசங்களைப் போனதாகவே காட்டினால் அழலாம் அம்மா. மறைத்தால்தான் ஏமாற்று.

கேள்வி: இறந்துபோன நடிகர்களைக் கம்ப்யூட்டரில் திரும்ப நடிக்க வைக்கிறார்களே, சரியா?
- வாசகர், மேலூர்

சரியில்லை. 1994ல் இறந்த பீட்டர் குஷிங்கை 2016ல் 'ரோக் ஒன்' படத்தில் கொண்டுவந்தார்கள், 2020ல் இறந்த இயான் ஹோமின் முகத்தை 2024ல் 'ஏலியன்: ரோமுலஸ்' படத்தில். குடும்பத்தாரிடம் சம்மதம் வாங்கலாம். ஆனால் எங்கே கண்ணைத் தாழ்த்துவது, எங்கே ஒரு நொடி நிறுத்துவது என்று முடிவெடுத்தது அந்த நடிகர் இல்லையே.

கேள்வி: 'கில்லி' மறுபடி வந்தபோது தியேட்டர் திருவிழா மாதிரி இருந்தது, 'இந்தியன் 2'க்கு அந்த உற்சாகம் இல்லை. ஏன்?
- வாசகர், செல்லூர்

இத்தனைக்கும் 'கில்லி' புதுக் கதைகூட இல்லை. 2003ல் வந்த தெலுங்கு 'ஒக்கடு'வின் ரீமேக், அங்கே கர்நூல், இங்கே நம்ம மதுரை. 2004ல் பார்த்த அதே படத்தை ஒரு காட்சிகூட நீட்டாமல் 2024ல் கொடுத்தார்கள், நாம் கேட்டதும் அதைத்தான். 'இந்தியன் 2' சேனாபதியை 28 வருசம் கழித்துக் கூட்டிவந்தது, ஆனால் அத்தனை வருசத்தில் அந்தப் பெரியவர் மனசுக்குள் என்ன நடந்தது என்று சொல்லவே இல்லை, எனக்குப் பெரிய ஏமாற்றம் அதுதான்.

'கில்லி' பார்க்கப் போனபோது பக்கத்து சீட்டில் ஒருவர் ஆறு ஏழு வயசுப் பெண்பிள்ளையை மடியில் வைத்திருந்தார். பிரகாஷ்ராஜ் வாயைத் திறக்கும் முன்னாலேயே தியேட்டர் மொத்தமும் வசனத்தைச் சொன்னது, இவரும் சொன்னார். அந்தப் பிள்ளை கொஞ்ச நேரத்தில் திரையை விட்டுவிட்டு அப்பா வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.