திரும்பிப் பார்த்தீர்களா?

கேள்வி: முதல் தடவையாகப் பாரிஸ் போய் வந்தேன். மோனாலிசாவைப் பார்த்ததும் 'இவ்வளவுதானா?' என்று சப்பென்று ஆகிவிட்டது. எனக்குத்தான் ரசனை போதவில்லையா?

பதில்: ரசனைக்கு ஒரு குறையும் இல்லை. படமே 77க்கு 53 சென்டிமீட்டர்தான், அதுவும் குண்டு துளைக்காத கண்ணாடிக்குப் பின்னால். முன்னால் தூக்கிப் பிடித்த செல்போன்கள், அந்தத் திரைகளில்தான் அவள் சிரிப்பதையே நானும் பார்த்தேன். சரி, அப்படியே திரும்பிப் பார்த்தீர்களா? எதிர்ச் சுவரில் இத்தாலிய ஓவியர் வெரோனீஸ் வரைந்த, பைபிளில் வரும் கானா ஊர்க் கல்யாண விருந்து, கிட்டத்தட்ட 10 மீட்டர் அகலம், லூவர் அருங்காட்சியகத்திலேயே பெரிய ஓவியம் அதுதான், அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் மொத்தக் கூட்டமும் நிற்கும். ஈபிள் கோபுரம் ஏமாற்றியிருக்காதே? 1889இல் கட்டி, 20 வருஷத்தில் பிரித்துவிடுவதாகத்தான் இருந்தார்கள். இருட்டிய பிறகு மணிக்கொரு தரம் 5 நிமிஷம் மினுக்கும், கழுத்து வலிப்பதுகூடத் தெரியாது.