48 மதிப்பெண்ணுக்குத் துறை மாறலாமா?

கேள்வி: என் மகள் பள்ளியில் கணக்கில் எப்போதும் முதலிடம். பொறியியல் முதலாண்டு இயற்பியல் தேர்வில் 48தான் வந்தது. "எனக்கு இது வராது, வேறு துறைக்குப் போகிறேன்" என்று அழுகிறாள். விட்டுவிடலாமா?

பதில்: அந்த 48 வந்தபோது வகுப்புச் சராசரி என்ன? அதைக் கேட்டீர்களா? முதலாண்டு வினாத்தாளைக் கடினமாகப் போட்டுவிட்டு, சராசரியை வைத்துக் கிரேடு கொடுக்கும் கல்லூரிகள் நிறைய. சராசரி 45 என்றால் உங்கள் மகள் வகுப்புச் சராசரிக்கு மேலே நிற்கிறாள். பள்ளியில் 95க்குக் கீழே பார்த்திராத பிள்ளைக்கு அது தெரியாது. சொல்ல வேண்டியவர்களும் சொல்வதில்லை.

அடுத்து விடைத்தாளை வாங்கிப் பாருங்கள். சாய்தளத்தில் ஒரு கட்டை சறுக்கும் கணக்கு இருக்கும். விசைகளைச் சரியாக வரைந்து, 'சைன்' போட வேண்டிய இடத்தில் 'காஸ்' போட்டிருந்தால் அது கவனப் பிசகு. படமே வரையாமல் சூத்திரத்தைத் தேடியிருந்தால், பள்ளியில் பழகிய முறை இங்கே எடுபடவில்லை என்று அர்த்தம். இரண்டுக்கும் மூளைக்கும் சம்பந்தமில்லை.

இலேன் சீமோர், நான்சி ஹியூவிட் என்ற இருவர் அமெரிக்காவில் ஏழு கல்லூரிகளைச் சேர்ந்த மாணவர்களிடம் பேசி, 1997இல் வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் சொன்னது. அறிவியல், பொறியியல் துறைகளை விட்டுப் போனவர்களுக்கும் தங்கியவர்களுக்கும் திறமையில் பெரிய வித்தியாசமில்லை. மோசமாகப் பாடம் நடத்துகிறார்கள் என்ற புகார் இரு தரப்பிலும் இருந்தது. ஆசிரியருக்குப் பதவி உயர்வு ஆய்வுக் கட்டுரைக்குக் கிடைக்கிறது, முதலாண்டு வகுப்புக்குக் கிடைப்பதில்லை. அப்புறம் எப்படி நடத்துவார்கள்? பாதிப் பேரை வடிகட்டிவிட்டு, அதைத் தரம் என்று வேறு சொல்லிக்கொள்கிறார்கள்.

இந்தப் பயத்தை வைத்துப் பிழைப்பவர்களிடம் ஜாக்கிரதை. விரல் ரேகையை ஸ்கேன் செய்து "உங்கள் பிள்ளைக்கு இந்தத் துறைதான்" என்று அச்சிட்ட அறிக்கை தருவார்கள். அதற்கு அறிவியல் அடிப்படை எதுவும் கிடையாது. இன்னொரு கூட்டம் துறை மாற்றித் தருகிறோம் என்று கமிஷன் கேட்கும். படித்து முடித்த பாடங்களில் எத்தனையைப் புதிய துறை ஏற்கும் என்று கேளுங்கள், பேச்சை மாற்றுவார்கள். பாதிகூடத் தேறாமல் ஓர் ஆண்டை இழந்தவர்களை எனக்குத் தெரியும். அந்தப் பதிலைத் துறை அலுவலகத்தில் நீங்களே எழுத்தில் வாங்குங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. மகளிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நாளைக்கே 85 வந்தாலும் போவாயா?" 'ஆமாம்' என்றால் விடுங்கள், தடுக்காதீர்கள். அவளுக்கு வேறொன்று பிடித்திருக்கிறது, அதில் தோல்வி எதுவும் இல்லை. ஆனால் அந்த 'ஆமாம்' அழுதுகொண்டிருக்கும் இரவில் வந்தால் கணக்கில் எடுக்காதீர்கள். நன்றாகத் தூங்கி எழுந்த ஒரு காலையில் மறுபடி கேளுங்கள். அப்போதும் ஆமாம் என்றால்தான் ஆமாம். "தெரியலை" என்றால் மதிப்பெண்தான் அவளைத் துரத்துகிறது.

அப்படியானால் அடுத்த தேர்வு வரை பொறுக்கச் சொல்லுங்கள், ஆனால் தனியாகப் படிக்க விடாதீர்கள். 1970களில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி டிரைஸ்மன் என்ற கணிதவியலாளர் இதைக் கவனித்தார். பள்ளியில் நன்றாகப் படித்துவிட்டு வந்த கறுப்பின மாணவர்கள் கால்குலஸ் என்ற கணிதப் பாடத்தில் திணறினார்கள். ஊக்கமில்லை, அடிப்படை போதாது என்று ஆசிரியர்கள் ஊகித்தது எதுவும் பொருந்தவில்லை. அவர்கள் அறைக்குள் தனியாக உட்கார்ந்து படித்தார்கள். நன்றாகச் செய்த சீன வம்சாவளி மாணவர்களோ கூடி உட்கார்ந்து, ஒருவர் விடையை இன்னொருவர் சரிபார்த்தார்கள். உங்கள் மகளுக்கும் மூன்று பேர் போதும். வாரம் இரண்டு தடவை, கணக்கை வாய்விட்டு விளக்கிப் போடட்டும்.

அந்தப் பாடத்தைக் கிரேடு பதிவாகாமல் விலக்கிக்கொள்ளக் கடைசித் தேதி என்று ஒன்று பல கல்லூரிகளில் இருக்கும். அதை இன்றே கேட்டுக் குறித்து வையுங்கள். அடுத்த விடைத்தாள் அதற்கு முன்னால் கைக்கு வந்துவிட்டால் நிதானமாக முடிவெடுக்கலாம்.