லொறி உதறுகிறதா? கியர் பொக்ஸை இறக்க முன்...

கேள்வி: என்னுடையது பழைய ஜப்பான் லொறி. கியர் பொக்ஸிலிருந்து பின் சில்லுகளுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஷாஃப்ட் இரண்டு துண்டு. பின்பக்க யூனிவர்சல் ஜொயின்ட் (ஷாஃப்ட் சாய்விலும் சுற்ற உதவும் மூட்டு) குரொஸ், அதாவது அதன் நடுவிலுள்ள சிலுவைத் துண்டு, மாற்றிய நாளிலிருந்து 50 கிலோமீற்றர் வேகத்தில் இருக்கைக்கு அடியில் கிர்ரென்று அதிர்கிறது. டயர்களைப் பேலன்ஸ் செய்தும் பலனில்லை. கியர் பொக்ஸை இறக்கச் சொல்கிறார் கராஜ் பாஸ். இறக்கலாமா?
– வாசகர், கிராண்ட்பாஸ்

பதில்: இப்போது வேண்டாம். விடியற்காலையில், பேஸ்லைன் வீதி வெறுமையாக இருக்கும்போது ஓட்டிப் பாருங்கள். அதிரும் அதே வேகத்தில் ஒரு கியர் குறையுங்கள். என்ஜின் சுற்று ஏறியும் அதிர்வு மாறவில்லையென்றால் என்ஜினிலும் கிளட்சிலும் குற்றமில்லை. அடுத்து கிளட்சை மிதித்து உருளவிடுங்கள் (சாவியை அணைக்கக் கூடாது, பிரேக் உதவி போய்விடும்). அப்போதும் அதிர்ந்தால் ஷாஃப்ட் அல்லது சில்லு. அந்த வேகத்தில் சில்லு விநாடிக்கு 5, 6 தடவைதான் சுற்றும். அதன் கோளாறு குலுக்கலாகத் தெரியும். ஷாஃப்ட் 25 தடவைக்கு மேல் சுற்றும். நீங்கள் சொல்லும் ‘கிர்’ அதனுடையது.

குரொஸ் மாற்றிய நாளிலிருந்து என்கிறீர்களே, அதுதான் துப்பு. சாய்வில் சுற்றும் ஜொயின்ட் ஒவ்வொரு சுற்றிலும் இரு தடவை வேகம் கூடிக் குறையும்; மறுமுனை ஜொயின்ட் அதைச் சரிக்கட்டும். ஸ்பிளைனை (ஷாஃப்ட் துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று செருகும் பல் இணைப்பு) கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டால் சரிக்கட்டாது. பின் ஷாஃப்டின் இரு முனைகளிலும் குரொஸைப் பிடிக்கும் காதுகள் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றனவா பாருங்கள். பல ஷாஃப்ட்களில் அம்புக்குறியும் இருக்கும், அழுக்கைச் சுரண்டினால் தெரியும். அத்தோடு குரொஸின் கிளிப் காடியில் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா, ஷாஃப்டை நடுவில் தாங்கும் சென்டர் பெயாரிங்கின் ரப்பர் கிழிந்திருக்கிறதா, குழாயில் ஒட்டிய பேலன்ஸ் தகடு உதிர்ந்த வெல்டிங் தழும்பு உண்டா என்றும் பார்த்துவிடுங்கள்.

கவனம்: இவ்வகை லொறிகள் பலவற்றில் கை பிரேக் டிரம் கியர் பொக்ஸின் பின்னால்தான். ஷாஃப்டைக் கழற்றிய கணமே கை பிரேக் இல்லை. சில்லுகளுக்குக் கட்டை வைக்காமல் அடியில் போகவே கூடாது. கழற்ற முன் எல்லா இணைப்புக்கும் பெயின்ட் கோடு போடுங்கள்.

கேள்வி: பஞ்சிகாவத்தையில் பழைய ஷாஃப்ட் வாங்கிப் போடலாமா?
– வாசகர், வத்தளை

பதில்: போடலாம். உங்கள் ஷாஃப்டையும் கொண்டுபோய் நீளம், ஃபிளாஞ்ச் (முனையில் போல்ட் பூட்டும் தட்டு) துளைகள், ஸ்பிளைன் பல் எண்ணிக்கை மூன்றையும் ஒப்பிடுங்கள். குழாயில் சொட்டை இருந்தால் வேண்டாம். லேத்தில் சுற்றினால் வளைவு மட்டுந்தான் தெரியும்; பேலன்ஸ் பார்க்கும் இயந்திரம் உள்ள இடத்தில் கொடுத்த பிறகே மாட்டுங்கள்.