அசையாமல் நிற்கும் பாடகர்கள்

அன்புள்ள ஐயா,

நாட்டுப்புறப் பாடல்களை மேடையேற்றுவது பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்த கையோடு, ஓர் அமெரிக்கக் கல்லூரிப் பாடகர் குழு 'ஸ்டீல் அவே' பாடும் காணொளியைப் பார்த்தேன். கருப்பின அடிமைகள் பாடிய பாட்டு என்று அறிமுகம் செய்தார்கள். ஆனால் கருப்பு அங்கியில் வரிசையாக நின்று, கைகூட அசையாமல், நாலு குரல்களில் சுத்தமாகப் பாடிவிட்டுப் போனார்கள். இஸ்திரி போட்டு மடித்து வைத்த துணி மாதிரி இருந்தது. கல்லூரிக்குள் நுழைந்ததும் நாட்டுப்பாடல் செத்துவிடுகிறதோ? இதன் அசல் வடிவத்தை எங்காவது கேட்க முடியுமா?

கே., கோவை

அன்புள்ள கே.,

உங்கள் புகாருக்குப் பெரிய துணை இருக்கிறது. அமெரிக்கத் தெற்கில் ஊர் ஊராக நாட்டார் வழக்குகளைச் சேகரித்த கருப்பின எழுத்தாளர் ஜோரா நீல் ஹர்ஸ்டன், 1934ல் இதையே சொன்னார். மேடைகளில் பாடப்படுபவை உண்மையான ஸ்பிரிச்சுவல்கள் (அடிமைகள் பாடிய பக்திப் பாடல்கள்) அல்ல, அவற்றை வைத்துச் செய்த புதுச்சரக்கு என்பது அவர் கட்சி. அசலில் சுருதி கரடுமுரடாக இருக்கும், குரல்கள் நினைத்த இடத்தில் சேரும், விலகும், ஒருமுறை பாடியது போல் மறுமுறை இருக்காது. 1867ல் இப்பாடல்களை முதன்முதலில் நூலாகத் தொகுத்தவர்களும் முன்னுரையில் இதையேதான் சொல்லித் திணறியிருக்கிறார்கள்: குரல் பிரித்துப் பாடுவது என்று எதுவும் இல்லை, ஆனாலும் எந்த இரண்டு பேரும் ஒரே மாதிரி பாடுவதாகத் தெரியவில்லை, இதை எப்படிக் குறியீட்டில் எழுதுவது என்று.

சரி, இது எதுவும் காணொளியில் இல்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த அசையாமை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் விஷயம் வேறு.

விடுதலையான அடிமைகளுக்காக 1866ல் நாஷ்வில் நகரில் தொடங்கிய ஃபிஸ்க் கல்லூரி, ஐந்தே வருடத்தில் மூடும் நிலைக்கு வந்தது. உள்நாட்டுப் போர்க்கால ராணுவ மருத்துவமனையின் பழைய கொட்டகைகள்தான் கட்டடம். பொருளாளர் ஜார்ஜ் ஒயிட், வெள்ளைக்காரர், இசையும் சொல்லிக்கொடுத்தவர். ஒன்பது மாணவர்களைக் கூட்டிக்கொண்டு 1871 அக்டோபரில் நிதி திரட்டக் கிளம்பினார். பெரும்பாலோர் அடிமைகளாகப் பிறந்தவர்கள். ஆரம்ப நிகழ்ச்சிகளில் முக்கியமாகப் பாடியது அன்றைய பிரபலமான மேடைப் பாடல்களைத்தான். கூட்டமும் இல்லை, காசும் இல்லை. வந்த சொற்பத்தையும் ஒருமுறை சிகாகோ தீவிபத்து நிவாரணத்துக்குக் கொடுத்துவிட்டார்கள்.

பெற்றோரின் பாடல்களை மேடையில் பாட அவர்களுக்கு விருப்பமே இல்லை. குழுவின் பியானோக் கலைஞர் எலா ஷெப்பர்ட் பிற்பாடு எழுதியிருக்கிறார்: அந்தப் பாடல்கள் அடிமை நாட்களோடு ஒட்டியவை, பெற்றோருக்குப் புனிதமானவை, அவற்றைப் பொதுவில் பாடலாம் என்று கனவிலும் நினைத்ததில்லை. தரையில் உட்கார்ந்து, ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுத்து, மெதுவான குரலில் பாடிப் பழகினார்களாம். அந்த நவம்பரில் ஒஹாயோவின் ஓபர்லினில் பாதிரிமார் மாநாடு ஒன்றில் 'ஸ்டீல் அவே' பாடியபோதுதான் சபை நிமிர்ந்தது. அதற்கப்புறம் நிகழ்ச்சியின் மையமே இந்தப் பாடல்கள்தான்.

இப்போது அந்தக் காலத்து ரசிகரை நினைத்துப் பாருங்கள். கருப்பர் பாடுகிறார் என்றால் அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: எரித்த தக்கையின் கரியை முகத்தில் பூசிக்கொண்டு வெள்ளையர்கள் போட்ட கோமாளி ஆட்டம். மின்ஸ்ட்ரல் என்பார்கள், நாட்டின் மிகப் பிரபலமான கேளிக்கை அது. ஃபிஸ்க் குழுவின் மேடையில் ஒரு மாணவி காலைத் தட்டியிருந்தால், உடம்பை ஆட்டியிருந்தால், சிரிப்புதான் எழுந்திருக்கும். ஓட்டலில் அறை கொடுக்கவே மறுத்த ஊர்களில் அவர்கள் நல்ல உடுப்பில் நேராக நின்றார்கள், தாழ்ந்த குரலில் பாடினார்கள். வெறும் நாகரிகப் பூச்சு என்று இதை என்னால் தள்ள முடியவில்லை. பாட்டில் கொஞ்சம் போயிற்று என்பதும் உண்மை; அந்த விலையைத் தெரிந்தே கொடுத்தார்கள் என்றுதான் நினைக்கிறேன். கிடைத்த பணத்தில் எழுந்த ஜூபிலி ஹால் இன்றும் ஃபிஸ்க் வளாகத்தில் நிற்கிறது.

ஹர்ஸ்டனுக்கு அந்த நெருக்கடி இல்லை, அதனால் அவரால் கறாராகப் பேச முடிந்தது. இன்றைய கல்லூரிகளுக்கும் அது இல்லை. காரணம் தெரியாமல் பாவனையை மட்டும் பிடித்துக்கொண்டு பாடும் குழுக்கள் நிறைய உண்டு. நீங்கள் பார்த்தது அப்படி ஒன்றாக இருந்தால் உங்கள் எரிச்சலோடு நானும் சேர்ந்துகொள்கிறேன்.

கேட்க இரண்டு பதிவுகள். அடிமைக் காலத்தில் ஒலிப்பதிவே கிடையாது என்பதால் 'அசல்' கிடைக்காது. ஆனால் ஜார்ஜியா மாநிலக் கடலோரத்து செயின்ட் சைமன்ஸ் தீவில், பெஸ்ஸி ஜோன்ஸ் போன்றவர்கள் பாடியதை நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் 1959, 60 வாக்கில் பதிவுசெய்தார். கைத்தட்டலும் கட்டையை இடிக்கும் தாளமும் குறுக்கே விழும் குரல்களுமாக நீங்கள் தேடுவதற்கு மிக அருகில் வருவது அதுதான். மற்றது 1909ல் ஃபிஸ்க் கல்லூரியின் நான்கு ஆண்கள் பாடிய இசைத்தட்டு. முதலில் தீவு, அப்புறம் இசைத்தட்டு. மாற்றிக் கேட்டால் எனக்கு இன்னொரு கோபக் கடிதம் வரும்.