ஒரே நூலகம், மூன்று படங்கள்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

மூன்று மாடி நூலகக் கட்டடம் ஒன்றை மாலை வெயிலில் படம் எடுத்தேன். கான்கிரீட் சட்டகம், நடுவே செங்கல் சுவர், வலப்பக்கம் வெளிப்படிக்கட்டு. ஒரே ரா ஃபைலை (கேமரா பதிவுசெய்த, பதப்படுத்தாத மூலக் கோப்பை) மூன்று விதமாகத் திருத்தியிருக்கிறேன். முதலாவதில் நிறங்களைத் தூக்கி, வெளிறிக் கிடந்த வானத்துக்குப் பதிலாக மேகங்கள் வைத்தேன். இரண்டாவது கறுப்பு வெள்ளை. மூன்றாவதில் உள்நோக்கிச் சாய்ந்த சுவர்களை நிமிர்த்தியதோடு சரி. நண்பர்கள் ஆளுக்கொரு படத்தைச் சொல்கிறார்கள். கட்டடத்தை வடிவமைத்தவருக்கு அனுப்ப வேண்டும். எது சரி? சுவர்களை முழுக்க நிமிர்த்தத்தான் வேண்டுமா? வானத்தை மாற்றியது தப்பா?

இளங்கோ

அன்புள்ள இளங்கோ,

மூன்று படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்தக் கட்டடத்தில் எது உங்களை நின்று பார்க்க வைத்தது என்று கடிதத்தில் நீங்கள் சொல்லவே இல்லை. செங்கல்லின் நிறமா, கான்கிரீட்டின் சொரசொரப்பா, படிக்கட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் விதமா? ஒவ்வொன்றுக்கும் திருத்தம் வேறு. உங்கள் மூன்றும் அப்படி யோசித்துச் செய்தவையாகத் தெரியவில்லை. மென்பொருளில் அளவுகளைக் கூட்டிக் குறைக்கும் ஸ்லைடர்களை நகர்த்திப் பார்த்து, கண்ணுக்குப் பிடித்த இடத்தில் நிறுத்தியிருக்கிறீர்கள். நண்பர்கள் ஆளுக்கொன்றைச் சொல்வதும் அதனால்தான்.

கறுப்பு வெள்ளையை முதலில் எடுத்துக்கொள்கிறேன். வண்ணப் படத்தில் செங்கல்லும் கான்கிரீட்டும் தனித்தனியாகத் தெரிவது நிறத்தால் மட்டுமே. வெளிச்ச அளவில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். நிறத்தை எடுத்ததும் இரண்டும் ஒரே சாம்பலாகிவிட்டன. எது தாங்கும் தூண், எது வெறும் அடைப்புச் சுவர் என்பதே இப்போது படத்தில் தெரியவில்லை. இந்தக் கட்டடத்தின் உயிரே அந்த வேறுபாடுதான். நீங்கள் கான்ட்ராஸ்டை, அதாவது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வேறுபாட்டை, கூட்டிச் சமாளிக்கப் பார்த்திருக்கிறீர்கள். பிரிய வேண்டியவை பிரியவில்லை, படிக்கட்டுக்கு அடியிலிருந்த நிழல்தான் மை கொட்டியதுபோல் அடைந்துபோனது.

கான்ட்ராஸ்டைப் பழையபடி இறக்கிவிட்டு, முதலில் ஒயிட் பேலன்ஸை, அதாவது படம் முழுவதும் படிந்த வெளிச்சத்தின் நிறச்சாயலை, சரிசெய்யுங்கள். மாலை வெயில் பட்ட கான்கிரீட்டும் மஞ்சளாகத்தான் இருக்கும். வெயில் படும் கான்கிரீட்டில் வைத்துச் சமன்செய்த பிறகு, ஒவ்வொரு நிறமும் எவ்வளவு வெளிச்சமான சாம்பலாக வேண்டும் என்று முடிவுசெய்யும் கறுப்பு வெள்ளைக் கலவையில் ஆரஞ்சை மட்டும் கீழே இறக்குங்கள். செங்கல் இருண்டு பின்வாங்கும், சட்டகம் வெளிறி முன்னால் வரும். சமன்செய்யாமல் இறக்கினால் இரண்டும் சேர்ந்தே இருளும். ஆரஞ்சை ஏற்றினால் நேர்மாறு: சுவர்கள் மின்ன, சட்டகம் கோடுகளாக நிற்கும். ஒரே சுவர் இரண்டு கட்டடங்களாகத் தெரியும். இரண்டுமே நேர்மையான படங்கள்தான். என் விருப்பம் ஆரஞ்சை இறக்கிய படம், ஏனென்றால் அதில் எடையைத் தாங்குவது எது என்று தெரிகிறது.

ஃபிலிம் காலத்தில் லென்ஸின் முன்னால் சிவப்பு ஃபில்டர் மாட்டி நீல வானத்தை இருட்டாக்குவார்கள். நீங்களும் நீல ஸ்லைடரை அடிவரை இழுத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். உங்கள் வானத்தில் நீலம் பெயருக்குத்தான் இருக்கிறது. அதை இழுத்தால் இருட்டு வராது, புள்ளி புள்ளியாக இரைச்சல்தான் வரும்.

சுவர்கள் சாய்வது கேமராவை மேல்நோக்கித் தூக்கியதால். சென்சார் சுவருக்கு இணையாக இல்லாதபோது நேர்க்கோடுகள் மேலே ஒன்றையொன்று நெருங்கும். மூன்று மாடிக்கு முழுக்க நிமிர்த்துவதே நல்லது. வானளாவும் கோபுரமாக இருந்தால் துளி சாய்வை விட்டுவைக்கச் சொல்வேன். அண்ணாந்து பார்க்கிறோம் என்று கண்ணுக்குத் தெரிந்திருக்கும்போது முழுக்க நிமிர்த்தினால், மேல்பாகம் அகன்று தலை கனத்ததாகத் தோன்றும். எதுவானாலும் முதலில் லென்ஸின் வளைவை நீக்குங்கள், பிறகு நிமிர்த்துங்கள். உங்கள் மூன்றாவது படத்தில் இன்னொன்றும் நடந்திருக்கிறது: கட்டடம் கொஞ்சம் குட்டையாகிவிட்டது. சதுர ஜன்னல்கள் படுத்த செவ்வகங்களாக இருக்கின்றன. உயர அகல விகிதத்துக்கு மென்பொருளில் தனி ஸ்லைடர் உண்டு. ஜன்னல் மீண்டும் சதுரமாகும் வரை நகர்த்துங்கள். வடிவமைப்பாளரின் கண் முதலில் அங்கேதான் போகும்.

வானத்துக்கு வருகிறேன். மேல் மாடி ஜன்னல்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். கண்ணாடியில் பழைய வெளிறிய வானம் அப்படியே இருக்கிறது. சுவரில் வெயில் இடமிருந்து விழுகிறது, நீங்கள் வைத்த மேகங்களுக்கு வலப்பக்கம் வெளிச்சம். படியின் நிழல் விளிம்பு மங்கல், அது புகைமூட்டமான மாலையின் நிழல். வானம் ஒரு பொழுதைச் சொல்கிறது, கட்டடம் வேறொரு பொழுதைச் சொல்கிறது.

இதையெல்லாம் பொருத்திவிட்டால் சரியாகிவிடுமா என்று கேட்பீர்கள். எனக்கு அப்போதும் உடன்பாடில்லை. புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியேவே 1921-இல் தன் பத்திரிகையில், தான் வடிவமைத்த வில்லா ஷ்வோப் வீட்டின் படங்களை வெளியிட்டபோது சுற்றுப்புறத்தை அழித்துவிட்டார். சரிவான நிலத்தில் நின்ற வீடு எங்குமில்லாத ஒரு பொருளாகிவிட்டது. கட்டியவரே செய்ததுதான், ஆனாலும் அந்த வீட்டைப் பற்றிப் படம் சொல்வது உண்மையல்ல. கட்டடங்களைப் படமெடுத்த ஜூலியஸ் ஷுல்மன் 1960-இல் லாஸ் ஏஞ்சலஸில் எடுத்த கண்ணாடி வீட்டுப் படமும் ஒரே சொடுக்கில் வந்ததல்ல. கீழே விரிந்த நகர விளக்குகளுக்கு நீண்ட எக்ஸ்போஷர் (ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைப்பது), அதே நெகட்டிவில் வீட்டுக்குள் இருந்த பெண்களுக்கு ஃபிளாஷ். அதை நான் மனதார ஏற்கிறேன். விளக்குகளும் அங்கே இருந்தன, பெண்களும் இருந்தார்கள். கேமராவால் ஒரே மூச்சில் பிடிக்க முடியாததை இரண்டு மூச்சில் பிடித்தார், அவ்வளவுதான். ஜன்னலுக்கு வெளியே ஒன்று, அறைக்கு ஒன்று என்று எடுத்து நீங்கள் இணைப்பதும் இந்த வகைதான். இல்லாத மேகம் இதில் சேராது.

வாசலில் நின்ற சைக்கிளை நீக்கியிருந்தால் எனக்கு வருத்தமில்லை, அது நாளை அங்கே இருக்காது. சுவரில் மழைநீர் இறங்கிய கறையை மட்டும் துடைத்துவிடாதீர்கள்.

நீங்கள் நினைத்தே பார்க்காத நான்காவது வழி ஒன்று உண்டு: வெட்டுவது. 1949 முதல் லெ கொர்பூசியேவின் கட்டடங்களைப் படமெடுத்த லூசியன் எர்வே, அச்சிட்ட படங்களைத் தயங்காமல் கத்தரிப்பார். முழுக் கட்டடமும் வேண்டும் என்ற பிடிவாதம் அவருக்கு இல்லை. ஒரு விளிம்பு, ஒரு நிழல், சுவரின் ஒரு மூலை போதும். உங்கள் படத்தில் இடது பாதியையும் வானத்தையும் முழுக்க விட்டுவிட்டு, இரண்டாம் மாடிப் படித்திருப்பும் அதன் நிழலும் மட்டும் வரும்படி நெட்டாக வெட்டிப் பாருங்கள். வானத்தைப் பற்றிய கவலையே எழாது. அச்சுக்குப் போதிய பிக்சல் மிஞ்சுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், நிமிர்த்தும்போதே ஓரங்களில் கொஞ்சம் போயிருக்கும்.

வடிவமைப்பாளருக்கு விகிதம் சரிசெய்த மூன்றாவதையும், புதிதாகச் செய்யும் கறுப்பு வெள்ளையையும், இந்த வெட்டிய படத்தையும் அனுப்புங்கள். எதை நிமிர்த்தினீர்கள், எதை நீக்கினீர்கள் என்று ஒவ்வொன்றின் கீழும் ஒரு வரி எழுதிவிடுங்கள்.